ஏரி நடுவே ஒரு குடிநீர்க் குழாய்

காஷ்மீரம் சென்று வந்தோர் எழுதும் கட்டுரைகளில் தால் ஏரியின் தாமரையும், ஷிகாராப் படகின் பட்டு மெத்தையும், முகலாய மன்னர் வகுத்த தோட்டங்களும் தவறாமல் இடம்பெறும். அவை யாவும் வர்ணனைக்கு உரியனவே. ஆனால் அந்த ஏரியின் மேல் மிதக்கும் படகு வீடுகளில் வாழ்வோர் எந்தத் தண்ணீரைக் குடிக்கின்றனர், அது எவ்வழியாக அவர்களை வந்தடைகின்றது என்று எழுதியவரை நாங்கள் இதுவரை படித்ததில்லை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் குடும்பத்துடன் ஐந்து நாள் அங்கே தங்கிய எங்களுக்கு, மலையையும் சினார் மரங்களின் சிவப்பையும் விட அதிகமாக மனத்தில் நின்றது ஒரு கறுப்புக் குழாய்தான். குழந்தைக்குக் காய்ச்சல் நீங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. தண்ணீர் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். கவனம் அப்பக்கம் சென்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரயாணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டில்லியிலிருந்து இரவு வண்டியில் கத்ரா. அங்கே இறங்கி, 2025 ஜூன் 6-ஆம் தேதி தொடங்கப்பெற்ற புதிய வண்டியில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். ஆற்று மட்டத்துக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த செனாப் பாலத்தை வண்டி கடக்கும்போது, ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எங்களுக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடியது. பீர் பஞ்சால் மலையின் அடியில் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தின் இருள் முடிந்து வெளிவந்தால், நெல் அறுத்த வயல்களும் பாப்ளார் மர வரிசைகளுமாகப் பள்ளத்தாக்கு விரிகின்றது. அதற்கு மேல் ரயிலைப் புகழ்ந்தால் சொந்த வீட்டுப் பெருமை பேசுவதாகும்.

தால் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரி என்று ஒருமையில் சொன்னாலும் அது நான்கு நீர்ப்பரப்புகள் ஒன்றோடொன்று இணைந்த தொகுதி. நடுவே மிதக்கும் காய்கறித் தோட்டங்களும், கால்வாய்களும், தண்ணீரிலேயே அமைந்த குடியிருப்புகளும் உண்டு. தென்புறக் கரையை ஒட்டிச் செல்லும் பெரிய சாலையில் எண்ணிட்ட படித்துறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, வரிசை வரிசையாக, முகப்பில் மரச் சித்திர வேலைப்பாட்டுடன் படகு வீடுகள் நிற்கின்றன. தேவதாரு மரத்தால் ஆனவை. முன்னே தாழ்வாரம், பிறகு வரவேற்பறை, உணவறை, அதன் பின் ஒரு நீண்ட நடைவழியின் ஓரமாகப் படுக்கையறைகள், ஒவ்வொன்றுக்கும் குளியலறை. பின்புறத்தில் சமையலுக்கும் உடையவர் குடும்பத்துக்குமாகச் சிறிய படகு ஒன்று தனியே கட்டப்பட்டிருக்கும். மகாராஜா காலத்தில் வெளியார் நிலம் வாங்க இடமில்லாதிருந்தமையால் வெள்ளைக்காரர் தண்ணீரின் மேல் வீடு கட்டிக்கொண்டனர் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு.

இந்தப் படகுகள் எங்கும் செல்வதில்லை. கழிகளும் சங்கிலிகளும் கொண்டு ஓரிடத்தில் நிறுத்தப்பட்டவை. ஆனால் அசைவதில்லை என்று நினைத்தால் தவறு. காற்றுக்குப் பக்கவாட்டில் சிறிது நகரும், மழைக்கு உயரும், நீர் வடிந்தால் தாழும். தால்கேட் என்னுமிடத்தில் உள்ள மதகுகளின் வழியே ஏரியின் மிகைநீர் ஜீலம் நதிப்பக்கம் செல்கின்றது. அந்த மதகை ஏற்றினாலும் இறக்கினாலும் ஏரி மட்டம் மாறும். அதனுடன் வீடும் ஏறி இறங்கும். கரையோ அசையாது, கரையில் புதைந்த இரும்புக் குழாயும் அசையாது. அசையாத ஒன்றோடு அசைகின்ற ஒன்றை எப்படிப் பிணைப்பது? படகுக் குழாய்க்காரனின் தொழில் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடுகின்றது.

எங்கள் படகின் உடையவர் எழுபதைக் கடந்த முதியவர். சிற்றப்பா என்னும் பொருளில் எல்லோரும் அவரைச் 'சாச்சா' என்றே அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவர் எங்களைப் 'பாபுஜி' என்றும், எங்கள் தாயாரை 'அம்மாஜி' என்றும் அழைத்தார். முதல் நாள் தேநீர் வந்ததும் எங்கள் தாயார் கோப்பையைக் கையில் எடுக்காமலே, "இந்தத் தண்ணீர் ஏது என்று கேளடா" என்றார். கேட்டோம். சாச்சா சிரிக்கவில்லை. எழுந்து, "வந்து பாருங்கள்" என்று பின்புறம் அழைத்துச் சென்றார்.

கரையோரத்துப் பெருங்குழாயிலிருந்து ஒரு கிளை மேலே எழும்பி நிற்கின்றது. அதில் ஒரு வால்வு. அங்கிருந்து கட்டைவிரல் பருமனுள்ள கறுப்புப் பாலிதீன் குழாய் தண்ணீரில் இறங்கி, ஏரியின் அடித்தரையோடு கிடந்து, படகின் அருகே ஒரு கழியைப் பற்றி மேலேறுகின்றது. கழியின் உச்சியிலிருந்து படகுக்குச் செல்லும் கடைசிப் பகுதி மட்டும் வளையும் ரப்பர் குழாய். அதை இறுக்கிக் கட்டாமல், ஊஞ்சல் கயிறுபோல் தொய்வாக, ஒரு பெரிய வளையமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வீடு ஒரு முழம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அந்த வளையம் சிறுத்தும் பெருத்தும் ஈடு கொடுக்கும். தொய்வு போதாவிட்டால் ஒரு மழையிரவில் படகு உயர்ந்து இணைப்பைப் பிடுங்கிவிடும். மிகுந்துவிட்டால் வளையம் ஏரியில் தோய்ந்து பாசி பிடிக்கும், போகிற வருகிற படகின் துடுப்பிலும் மாட்டும். இரண்டுக்கும் நடுவான அளவு எது என்பதைச் சாச்சா தம் முழங்கையால் அளந்து காட்டினார்.

படகின் பக்கத்தில் ஒருவழி வால்வு ஒன்று. உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது அது. அதைத் தாண்டிக் குழாய் மேலேறி, சமையற் படகின் கூரைமேல் உள்ள தொட்டியில் விழுகின்றது. 'விழுகின்றது' என்பதைக் கவனிக்க வேண்டும். குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கவில்லை. விளிம்புக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் நின்று, காற்றின் வழியாகத் தண்ணீரைக் கொட்டுகின்றது. சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் செல்லும் கிளைகள் எல்லாம் தொட்டியிலிருந்தே பிரிகின்றன.

அந்த நான்கு விரற்கடை இடைவெளி எதற்கு என்று கேட்டோம். சாச்சா தம் வழியில் விளக்கினார். நாங்கள் எங்கள் வழியில் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகின்றோம். குழாயில் அழுத்தத்துடன் தண்ணீர் ஓடும் வரை அச்சமில்லை. எங்கேனும் ஒரு கீறல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியே கசியும். ஏரிக்குச் சிறிது நல்ல தண்ணீர் போகும், அவ்வளவே. ஆபத்து விநியோகம் நின்ற பிறகுதான் தொடங்குகின்றது. அப்போது கரையில் தாழ்வான ஓரிடத்தில் எவரேனும் குழாயைத் திறந்தால், குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் பின்னோக்கி இழுபடும். உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் குடிப்பது போன்றதுதான். அந்நேரத்தில் அடித்தரையில் கிடக்கும் குழாயில் கீறல் இருந்தால், ஏரித் தண்ணீர் அதன் வழியே உள்ளே புகும். தொட்டிக்குள் வாய் மூழ்கியிருந்தால் தொட்டித் தண்ணீரும் கரைக்குத் திரும்பும். ஒரு வீட்டு அழுக்கு அடுத்த வீட்டுக் குடத்துக்குச் செல்லும். மறுநாள் விநியோகம் தொடங்கும்போது முதலில் வருவது முந்தின இரவு உறிஞ்சிய தண்ணீரே. பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். குடித்தால்தான் தெரியும்.

ஆகையால் சாச்சாவின் வீட்டில் ஒரு வழக்கம். காலையில் தண்ணீர் வந்ததும் நேரே தொட்டிக்கு விடுவதில்லை. ஒருவழி வால்வுக்கு முன்னே உள்ள சிறிய திருகைத் திறந்து, குழாயின் முழு நீளத்திலும் நின்றிருந்த தண்ணீர் வெளியேறும் வரை வீணாக ஓடவிட்டு, பிறகே தொட்டிப் பக்கம் திருப்புவார்கள். நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுவதில்லை. "ஏரி மணம் போய், மலை மணம் வரும்" என்றார் சாச்சா. எங்கள் மூக்குக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதைக் கேட்ட பின் எங்கள் தாயார் தேநீரை எடுத்துக் குடித்தார். ஆனாலும் குழந்தைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் என்பதில் அவர் கடைசிவரை இறங்கிவரவில்லை. அதுவே சரி என்று சாச்சாவும் சொன்னார்.

ரயில் நிலையங்களில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுவதை நம்மில் எல்லோரும் பார்த்திருப்போம். தண்டவாளங்களுக்கிடையே நீண்டு செல்லும் குழாயில் இடைவெளிவிட்டு ரப்பர் குழாய்கள் தொங்கும். வண்டி நின்றதும் ஆட்கள் ஓடிவந்து அவற்றைப் பெட்டியின் வாயில் செருகுவர். குறித்த நிமிஷங்களுக்குள் நிரப்பி, பிடுங்கி எறிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே எல்லாம் வேகம். தண்ணீரும் கை கால் கழுவுவதற்கே ஆகையால் மண்ணில் கிடந்த குழாய் வாயைத் துடைக்க எவரும் நிற்பதில்லை. படகு வீட்டின் இணைப்பு நேர்மாறானது. ஒருமுறை பிணைத்தால் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அதன் தண்ணீர் மனிதர் வாய்க்குச் செல்லும். அதன் எதிரியான ஏரியோ இணைப்பின் கீழேயே இரவு பகலாகக் காத்திருக்கின்றது.

மூன்றாம் நாள் அந்த எதிரியைக் கண்டோம். நடுப்பகலில், ஏரிக் களைகளை ஏற்றிச் சென்ற ஒரு பெரிய படகு அந்தக் கழியை உரசிற்று. கழி சாய்ந்தது. ரப்பர் வளையம் இழுபட்டு, கிளிப்பு தெறித்து, குழாயின் வாய் ஏரிக்குள் விழுந்தது. தொட்டியிலும் மிகுதியான தண்ணீர் இல்லை. எங்களைத் தவிர அப்படகில் வேறொரு குடும்பமும் தங்கியிருந்தது. அவர்கள் அப்போதுதான் தோட்டங்களைச் சுற்றிக் களைத்து வந்தவர்கள். குளிக்க வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தனர்.

சாச்சாவின் இளைய மகன் சட்டென்று தண்ணீரில் இறங்கி, மூழ்கிய முனையைத் தேடி எடுத்து, சட்டையில் ஒரு துடை துடைத்து, இணைப்பில் செருகப் போனான். இரண்டு நிமிஷ வேலை. மேலே நின்ற சாச்சா காஷ்மீரி மொழியில் ஒரு கூச்சலிட்டார். மொழி தெரியாத எங்கள் குழந்தைகூட அதன் பொருளைப் புரிந்துகொண்டு பின்வாங்கியது. பையன் கையை எடுத்துவிட்டான்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. முதலில் கரை வால்வை மூடினர். மூழ்கிய ரப்பர்த் துண்டைக் கழற்றி எடுத்து, கொதிநீரை உள்ளும் புறமும் ஊற்றிக் கழுவினர். பழைய வாஷர் கிழிந்திருந்தது. புதிது வாங்க ஒருவர் ஷிகாராவில் கரைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கழியை நிமிர்த்தி மேலும் ஓர் ஆழம் அடித்தனர். இதற்கு மேல்தான் வால்வைத் திறந்து, அடித்தரைக் குழாயில் ஏரித் தண்ணீர் புகுந்திருக்கக்கூடும் என்பதால் நெடுநேரம் ஓடவிட்டனர். அந்தத் தண்ணீர் ஏரியில் விழுந்து நுரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மற்றக் குடும்பத்தின் தலைவருக்குக் கோபம் மிகுந்தது. "நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டு எங்களுக்கு இல்லை என்கின்றீர்களா?" என்று கேட்டார். குளிக்கத்தானே, குடிக்க இல்லையே என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்று எங்களால் சொல்ல இயலாது. ஆனால் தொட்டி ஒன்றுதான். குளிப்பதும் குடிப்பதும் அதிலிருந்தே.

மூன்று மணிக்குமேல் ஆகிவிட்டது. அக்குடும்பம் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வேறொரு படகுக்குச் சென்றுவிட்டது. மீதி இரண்டு நாள் வாடகையைச் சாச்சா கேட்கவில்லை.

அந்த இரண்டு நாள் வாடகை எத்தகையது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் இருபத்தாறு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு காஷ்மீரத்துக்கு வருவோர் தொகை பெரிதும் குறைந்துபோயிற்று. நாங்கள் சென்ற அக்டோபரிலும் எங்கள் வரிசையில் விளக்கெரியும் படகுகளை விட இருண்ட படகுகளே அதிகம். சாச்சாவின் படகில் நான்கு அறைகள். அன்று காலை இரண்டில் ஆள் இருந்தது, மாலையில் ஒன்றில். இரவு உணவு பரிமாறும்போது பையனின் முகம் வாடியிருந்தது. "அப்படியே செருகியிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள்" என்று எங்களிடமே மெதுவாகச் சொன்னான். அது சாச்சாவின் காதிலும் விழுந்தது. அவர் எங்கள் குழந்தையைக் காட்டி, "இவள் இந்தத் தண்ணீரில்தான் பால் குடிக்கிறாள்" என்றார். அதற்குமேல் அவ்விஷயம் அங்கே பேசப்படவில்லை. எங்கள் தாயார் மட்டும் அடுக்களைப் பக்கம் சென்று, சாச்சாவின் மனைவியிடம் தமிழிலேயே நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்; அந்த அம்மையாரும் காஷ்மீரியில் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் மொழி தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் சாச்சா தாமாகவே, "மலைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காண்பீர்களா?" என்று கேட்டார். ஒரு வாடகைக் காரில் எங்களுடன் அவரும் வந்தார். ஷாலிமார் தோட்டத்தைக் கடந்து மேலும் சென்றால் ஹார்வன் என்னும் ஊர். அங்கே மலையடிவாரத்தில் ஒரு நீர்த்தேக்கம் உள்ளது. நகரத்துக்குச் செல்லும் குடிநீரில் ஒரு பகுதி இங்கிருந்து சுத்திகரிக்கப்பட்டுச் செல்கின்றது. நீர்த்தேக்கத்துக்குப் பின்னே டாச்சிகாம் வனம். பத்துக் கிராமங்கள் என்பது அப்பெயரின் பொருள். வனத்தைக் காப்பதற்காக இடம்பெயர்க்கப்பட்ட பத்து ஊர்களின் நினைவாக அப்பெயர் வந்தது என்பர். இன்று ஹங்குல் என்னும் காஷ்மீரத்து மானுக்காக உலகம் அறிந்த இவ்வனம், 1981-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் 1910-இல் மகாராஜா காலத்தில் இது முதன்முதலாகக் காவலுக்குட்பட்டபோது, ஸ்ரீநகருக்குக் குடிக்கத் தூய தண்ணீர் வேண்டும் என்பதே முக்கிய நோக்கமாக இருந்தது. மேய்ச்சலும் குடியிருப்பும் இல்லாத மலையிலிருந்து வரும் தண்ணீர் தூயதாக இருக்கும் என்பது கணக்கு. குடத்துத் தண்ணீரைக் காக்கப் போய் மானையும் காத்துவிட்டனர்.

சினார் மரத்தடியில் அமர்ந்து அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலனாயிற்று. டாச்சிகாமிலிருந்து இறங்கும் இந்த ஓடையின் தண்ணீரில் ஒரு பங்கு தேக்கத்தில் நின்று குழாய்க்குச் செல்கின்றது. மற்றொரு பங்கு, தேல்பல் ஓடை என்னும் பெயருடன் ஊர்களின் வழியே ஓடித் தால் ஏரியில் கலக்கின்றது. ஏரிக்கு வரும் நீரில் பெரும்பகுதி இவ்வோடையுடையதே. ஒரே மலையின் ஒரே பனி, இரண்டு வழியாகச் சாச்சாவின் படகுக்கு வந்து சேருகின்றது. ஒன்று படகின் அடியில், குடிக்கவொண்ணாததாய். மற்றொன்று கூரைத் தொட்டியில், குழந்தைக்குப் பால் கரைப்பதாய். நேற்று மூன்று மணி நேரம் அவர் போராடியது இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதைச் சொன்னபோது, "என் தாத்தா ஏரியிலேயே தேநீர்ப் பாத்திரத்தை முகந்தவர், பாபுஜி" என்று மட்டும் சொன்னார்.

ஏரி ஏன் அப்படியாயிற்று என்பதையும் மறைக்கலாகாது. கரையிலுள்ள நகரத்தின் சாக்கடை, வயல்களின் உரம், விடுதிகளின் கழிவு ஆகியவற்றுடன் படகு வீடுகளின் கழிவும் நெடுங்காலம் நேரே ஏரியில் விழுந்தது. வரும் குழாயைப் பற்றி அத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள் போகும் குழாயைப் பற்றிப் பல தலைமுறை கவலைப்படவில்லை என்பதும் உண்மை. அண்மை ஆண்டுகளில் கழிவைக் கரைச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லும் குழாய்களும், கழிவைச் செரித்துவிடும் தொட்டிகளும் படகுகளுக்குப் படிப்படியாக அமைக்கப்பட்டு வருகின்றன. சாச்சாவின் படகிலும் பின்புறம் அப்படியொரு தொட்டி இருந்தது. அந்தக் கழிவுக் குழாயும் குடிநீர்க் குழாயும் படகின் எதிரெதிர்ப் பக்கங்களில் செல்லுமாறு அவர் அமைத்திருந்தார். ஒன்றைத் தொட்ட கையால் மற்றொன்றைத் தொடக் கூடாது என்பதும், இரண்டுக்கும் தனித்தனி ஸ்பானர் என்பதும் அவர் வீட்டுச் சட்டம். எங்கள் தாயாருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. "மடியாக இருக்கிறார்கள்" என்று மனமாரப் பாராட்டினார்.

குளிர்காலத்தைப் பற்றியும் கேட்டறிந்தோம். டிசம்பர் 21 அளவில் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிரை அவர்கள் 'சில்லை கலான்' என்பர். 2024 டிசம்பரில் அது தொடங்கும் இரவில் ஸ்ரீநகரில் பூஜ்யத்துக்குக் கீழே 8.5 பாகை வரை இறங்கிற்று. அந்நாட்களில் ஏரியின் ஓரங்கள் உறைவதற்கு முன்பே குழாய்கள் உறைந்துவிடும். அடித்தரையில் மூழ்கிக் கிடக்கும் பகுதிக்கு அவ்வளவு பயமில்லை. மேலே பனித்தகடு மூடினாலும் கீழே தண்ணீர் நீராகவே இருக்கும். காற்றில் தொங்குகிறதே அந்த ரப்பர் வளையம், அதுதான் முதலில் கல்லாகும். உறையும் நீர் பருத்து இணைப்பைப் பிளக்கும். ஆகவே வைக்கோலும் கோணியும் சுற்றிக் கட்டுவர். இரவில் திருகைச் சிறிது திறந்து நூல்போல் ஓடவிடுவர். மிகக் கடுமையான நாட்களில் வளையத்தைக் கழற்றி, வடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவர். அவ்வாறு கழற்றும்போது இரண்டு முனைகளுக்கும் மர அடைப்பான் உண்டு. வால்நட் மரத்தில் கடைந்தவை. சாச்சா எடுத்துக் காட்டினார். பம்பரம் என்று நினைத்துக் குழந்தை கேட்டு அழுதாள்.

2014 செப்டம்பர் வெள்ளத்தில் ஜீலம் கரை புரண்டு நகரம் மூழ்கியபோது, தரையில் இருந்த வீடுகளுக்கு இல்லாத பாதுகாப்பு மிதக்கும் வீடுகளுக்கு இருந்தது. தண்ணீருடன் அவையும் உயர்ந்தன. நகரத்தாரைக் காக்க ஷிகாராக்காரர்கள் படகு செலுத்தினர். சாச்சாவின் படகிலும் கரையிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் தங்கின. ஆனால் உயர்ந்த படகு குழாயை அறுத்துக்கொண்டது. பல நாள் குடிநீர் இல்லை. மழை நீரைத் தார்பாலினில் பிடித்துக் காய்ச்சிக் குடித்ததாகச் சொன்னார். இப்போதுள்ள வளையத்தை முன்னைவிட ஒரு முழம் நீளமாக விட்டிருப்பது அதன் பிறகுதானாம்.

படகு வீட்டில் தங்க எண்ணும் நம் குடும்பங்களுக்கு ஓரிரு வார்த்தை. அறையின் கம்பளத்தையும் சித்திர வேலையையும் பார்த்து வாடகை பேசும் முன், பின்புறம் சென்று குழாயைக் காட்டும்படி கேளுங்கள். வளையம் தண்ணீரில் தோயாமல் தொங்குகின்றதா, தொட்டிக்கு மூடி உள்ளதா, குழாய் வாய் நீருக்கு மேலே நிற்கின்றதா என்று பாருங்கள். கேட்டால் எவரும் தவறாக எண்ணார். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கொதித்து ஆறிய நீரே கொடுங்கள்; ஒரு கூஜாவோ பிளாஸ்கோ கொண்டு செல்லுங்கள். விநியோகம் நின்று மீண்டு வந்த முதல் வாளியைக் கை கால் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் இரவுகளில் கம்பளி அவசியம். கத்ராவில் வண்டி மாறும் இடத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் பிடிக்குமாதலால், இணைப்பு வண்டிக்கு இடையே போதிய அவகாசம் வைத்துப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது.